சேஷு மாமாவுக்குச் சர்க்கரை வந்த ஞாயிற்றுக்கிழமை

நோய்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில், படிக்கிற நோயெல்லாம் தனக்கே இருப்பதாகத் தோன்றும். இரண்டாம் கட்டத்தில், எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் இருப்பதாகத் தோன்றும். முதல் கட்டத்தால் ஊருக்குக் கெடுதல் இல்லை. நான் இரண்டாம் கட்டத்தை எட்டிய வருஷம்தான் எங்கள் வலியசாலைத் தெருவில் அந்த ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு ஆபீஸில் வேலை. ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் இலவசமாகக் கொடுக்கும் துண்டுப் பிரசுரங்களைத் தமிழாக்கித் தரவேண்டும். ரத்த அழுத்தம், தைராய்டு, ஆஸ்துமா, மூட்டுவலி என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதவேண்டும். நான் படித்ததோ தாவரவியல். (செடிக்கு ரத்தம் கிடையாது என்பது வரைக்கும் எனக்கு மருத்துவம் தெரியும்.) ஆனால் ஆறு பிரசுரம் தமிழாக்கியதும் எனக்குள் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

முதலில் அகப்பட்டவர் அப்பா. சாயங்காலம் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்களுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் கிடையாதே. நன்னா இருக்கேன்."

"அதுதான் அப்பா பயமா இருக்கு. பிரஷர் இருந்தா அநேகமா ஒரு அறிகுறியும் தெரியாது."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம், நன்றாக இருக்கும்போதெல்லாம் அவருக்குக் கவலையாக இருந்தது.

வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு நோய் வீதம் போட ஆரம்பித்தேன். கோயில் உற்சவ அறிவிப்புக்கும் குடிநீர் வராது என்ற அறிவிப்புக்கும் நடுவில் என் பித்தப்பைக் கல் வரும். ஜனங்கள் கைகூப்பும் படம் அனுப்புவார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஹரியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவன், டெக்னோபார்க்கில் வேலை. எனக்கு அவனைப் பிடிக்கும், அவனுக்கு என்னைப் பிடிக்கும். இந்த விஷயம் இரண்டு வீட்டிலும் தெரியும், யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. பேசவேண்டியவர் ஹரியின் அப்பா, சேஷு மாமா. கணக்குத் தணிக்கை ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். எழுதிவைத்த விதி எதுவானாலும் அதன்படி நடப்பவர். மருந்துச் சீட்டில் 'உணவுக்கு அரைமணி நேரம் முன்' என்று இருந்தால், மாத்திரையை விழுங்கிவிட்டுக் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த சேஷு மாமா ஒரு நாள் அப்பாவிடம், "விச்சு, ஜானகி ஏதோ கேம்ப் நடத்தறாளாமே. நடக்கட்டும். அன்னிக்குச் சாயங்காலம் உங்காத்துக்கு வரேன். பேச வேண்டியதைப் பேசிடலாம்" என்றார். அப்பா என்னிடம் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முகாம் நன்றாக நடந்தால் கல்யாணம். இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா?

முகாம் என்றால் பிரமாதமாக ஒன்றும் இல்லை. பஜனை மடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பது. பக்கத்து லேபிலிருந்து ஒரு நர்ஸ் கருவியோடு வருவாள். நாளைத் தேர்ந்தெடுத்ததில்தான் என் மேதைமை. அந்த ஞாயிறு சஷ்டி. தெருவில் பாதிப் பேர் எப்படியும் விரதம். காலையில் குளித்து, தெருக்கோடிக் கோயிலில் முருகனுக்கு அபிஷேகம் பார்த்துவிட்டு அப்படியே மடத்துக்கு வந்து விரலை நீட்டவேண்டியதுதான். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கும் தோன்றாத திட்டம் எனக்குத் தோன்றிவிட்டது என்று ஹரிக்கு போன் செய்து அரைமணி நேரம் பேசினேன்.

குழுவில் கண்டிப்பாக அறிவிப்பு போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. காபியும் கூடாது. உடனே போன் மேல் போன். "காபி ஆகாரத்துல எப்படிச் சேரும்? விரதத்தன்னிக்கே குடிக்கறோமே" என்று ஒரு மாமி அழாக்குறையாகக் கேட்டாள். நான் அசைந்துகொடுக்கவில்லை. சேஷு மாமா மட்டும் ஒரு வரி அனுப்பினார்: "விதி புரிந்தது. பின்பற்றப்படும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நர்ஸ் ஷீபா வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். மேஜை போட்டு, பஞ்சு, ஊசி, கருவி எல்லாம் எடுத்து வைத்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சேச்சி, எல்லாருக்கும் கை கழுகான் வெள்ளமும் சோப்பும் எவிடெ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தெரு மனுஷர்களிடம் போய்க் கை கழுவிவிட்டு வா என்று சொல்வதா? ஒருத்தருக்கொருத்தர் மேலே படாமல் நடக்கிறவர்கள், விடிகாலையில் குளித்து மடியாக ஸ்வாமி தரிசனம் செய்துவிட்டு வருகிறவர்கள். இவர்களைவிடச் சுத்தமான கை ஜில்லாவில் கிடையாது. சொன்னால் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள்.

"அதொண்ணும் வேண்டா ஷீபா. எல்லாரும் குளிச்சு அம்பலத்திலேர்ந்து நேரா வருவா" என்று என்னுடைய கலவை மலையாளத்தில் சொன்னேன்.

"ஸ்பிரிட் வெச்சு துடச்சா மதியோ?"

"மதி, மதி" என்றேன். (போதும் என்று சொன்ன அந்த இரண்டு 'மதி'க்காக இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.)

கூட்டம் சேர்ந்தது. எனக்கு மைக் கொடுத்தார்கள். மைக் கையில் வந்ததும் எனக்குள் இருந்த டாக்டர் பேராசிரியை ஆகிவிட்டாள். சர்க்கரை நோய் என்றால் என்ன, கணையம் எங்கே இருக்கிறது, இன்சுலின் செய்யும் வேலை என்ன என்று விளாசினேன். "இது குடும்பத்தில் வரக்கூடியது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்" என்று ஆள்காட்டி விரலை ஆட்டிச் சொன்னேன். முன்வரிசையில் சேஷு மாமா தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பரிசோதனை தொடங்கியது. முதல் இரண்டு மூன்று பேருக்குச் சாதாரணமாக இருந்தது. அப்புறம் கோயிலிலிருந்து வந்தவர்களுக்கு இருநூறு, இருநூற்று முப்பது என்று ஏற ஆரம்பித்தது. ஷீபாவின் முகம் சுருங்கியது. எனக்கோ ஒரே உற்சாகம். எத்தனை பேருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது, நான் மட்டும் இந்த முகாமை நடத்தாவிட்டால் இந்தத் தெருவின் கதி என்ன என்று மார்பு விம்மியது. நோய் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சேஷு மாமாவின் முறை வந்தது. ஷீபா இடது கையைக் கேட்டாள்.

"இடது கையாலயா கொடுக்கறது? ரத்தமானாலும் வலது கையாலதான் கொடுக்கணும்" என்று வலது கையை நீட்டினார். ஷீபா பஞ்சால் துடைத்துக் குத்தினாள். கருவி கொஞ்சம் யோசித்தது.

முன்னூற்றுப் பதினெட்டு.

ஷீபா நம்பாமல் பக்கத்து விரலிலும் குத்திப் பார்த்தாள். அதுவும் முன்னூறுக்குப் பக்கத்தில். அவள் என் காதில் மெதுவாகச் சொன்னதை நான் அப்படியே மைக்கில் சொல்ல ஆரம்பித்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"பார்த்தேளா? அறிகுறி ஒண்ணுமே இல்லாம சர்க்கரை ஒளிஞ்சிண்டிருக்கும்னு நான் சொன்னேனே. இப்போ நம்ம சேஷு மாமாவையே எடுத்துக்கோங்கோ. முன்னூத்திப் பதினெட்டு..."

கடைசி வரிசையில் நின்ற ஹரி இரண்டு கையாலும் என்னமோ ஜாடை காட்டினான். உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசினேன். அவன் தன் கழுத்தைத் தானே வெட்டிக்கொள்கிற மாதிரி காட்டிய பிறகுதான், நான் உதாரணமாகக் காட்டிக்கொண்டிருப்பது என் வருங்கால மாமனாரை என்பது உறைத்தது. மைக்கைக் கீழே வைத்தேன்.

சேஷு மாமா கலங்கவில்லை. மடத்தின் தூண் ஓரமாகப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"ஜானகி, நீ சொன்னதை நன்னா கேட்டுண்டேன். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தி. அப்படித்தானே?"

"வாய்ப்புதான் மாமா. கட்டாயம்னு சொல்லலை."

"வாய்ப்பு வாய்ப்புதானே. அப்போ இன்னிக்குச் சாயங்காலம் நான் உங்காத்துக்கு வரலை."

"மாமா..."

"நீ நல்ல பொண்ணாக்கும். தெரிஞ்சுண்டே உன்னை இதுல மாட்டிவிட்டா அது பாவம், கேட்டோ. ஹரிக்கு நாளைக்கு ஒண்ணு வந்தா நீதானே படணும்."

அவர் கோபமாக மறுத்திருந்தால்கூட அழுது சாதித்திருப்பேன். அவர் என் நன்மைக்காக மறுக்கிறார், அதுவும் என்னுடைய வார்த்தையை வைத்தே மறுக்கிறார்.

எனக்குத் தெரிந்த மருத்துவத்தையெல்லாம் அவர் காலடியில் கொட்டினேன். விரலில் குத்திப் பார்ப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது மாமா, லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். மூன்று மாசச் சராசரி சொல்கிற டெஸ்ட் இருக்கிறது. இருந்தாலும் சாப்பாடு, நடை, மாத்திரை என்று எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சர்க்கரை பத்தின மெசேஜுல நீ கண்ணு, கிட்னி, கால் எல்லாத்தையும் எழுதியிருந்தியே, அதை ஏன் விட்டுட்டே?" என்று கேட்டார். என் வாட்ஸ்அப் செய்திகளை உண்மையிலேயே படித்த ஒரே மனுஷர் அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஹரி நடுவில் புகுந்தான். "அப்பா, கல்யாணம் பண்ணிக்கப் போறது நானாக்கும்."

"நீ பேசாதே. நீ பேஷண்ட் ஆகப் போறவன்."

கூட்டம் பரிசோதனையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டது. அப்பா மூலையில் நின்று விழித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஹரியை இழந்துவிட்டேன், அதுவும் மைக் பிடித்து நானே ஊருக்கு அறிவித்து இழந்துவிட்டேன் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து, மடியில் வைத்திருந்த வலது கையைச் சேஷு மாமா மெதுவாகத் தூக்கினார். தூணடியிலிருந்து கிளம்பிய சிற்றெறும்புகள் அவர் வேஷ்டி வழியாக ஏறி, உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் மொய்த்துக்கொண்டிருந்தன.

"பாரு" என்றார், கிட்டத்தட்டப் பெருமையாக. "இனி லேப் எதுக்கு? எறும்புக்கே தெரிஞ்சு போச்சு."

கூட்டம் 'ச்சு ச்சு' என்றது. நான் உடைந்துபோய் அழ ஆரம்பித்தேன். சர்க்கரை முற்றினால் தோல் வழியாகக் கசியும் என்று எந்தப் பிரசுரத்திலும் நான் தமிழாக்கியதில்லை, ஆனால் அந்த நிமிஷம் நானே நம்பிவிட்டேன்.

அப்போதுதான் ஹரியின் அம்மா ராஜம் மாமி, கோயிலில் பிரதட்சிணமெல்லாம் நிதானமாக முடித்துக்கொண்டு, பிரசாதத் தூக்கோடு உள்ளே வந்தாள். நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கணவரின் கையைப் பார்த்தாள்.

"ஏன்னா, இன்னும் கையை அலம்பலையா? அவ்வளவு நாழி பஞ்சாமிர்தத்தை ஏந்திண்டு நின்னேளே, எறும்பு வராம என்ன செய்யும்?"

"என்ன பஞ்சாமிர்தம் மாமி?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சேஷு மாமா விளக்கினார். அர்ச்சகர் ஒரு கரண்டி பஞ்சாமிர்தத்தைக் கையில் போட்டுவிட்டார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லமுடியாது. தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது என்பது ஜானகியின் விதி, அதனால் சாப்பிடவும் முடியாது. எனவே மாமி ஒரு சுற்று முடித்து வரும் வரைக்கும் உள்ளங்கையில் ஏந்தி நின்று, அவள் கையில் ஒப்படைத்துவிட்டு, வரிசை போய்விடுமே என்று மேல்வேஷ்டியில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரு பொட்டுகூட நாக்குல படலை. சத்தியமா" என்றார்.

எனக்கு மண்டையில் யாரோ ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. அந்த வாரம்தான் வீட்டில் சர்க்கரை பார்ப்பது எப்படி என்ற பிரசுரத்தை முடித்திருந்தேன். அதன் முதல் வாக்கியமே, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளவும், விரலில் பழமோ இனிப்போ ஒட்டியிருந்தால் அளவு தவறாகக் கூடுதலாகக் காட்டும். நானே தமிழாக்கிய வாக்கியம். தெருவுக்கு இது வேண்டியதில்லை என்று நானே விட்ட வாக்கியம். வாழைப்பழமும் வெல்லமும் தேனும் குழைத்த பஞ்சாமிர்தத்தை ஸ்பிரிட் பஞ்சா துடைத்து எடுக்கும்?

"சோப்பு" என்று கத்தினேன். "யாராவது சோப்பு கொண்டு வாங்கோ. வாளியில தண்ணி."

ஹரி ஓடினான். அவன் டெக்னோபார்க்கில் எதற்கும் அப்படி ஓடியிருக்கமாட்டான். துணி துவைக்கிற கட்டி சோப்போடு வந்தான். சேஷு மாமா விதிப்படி இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்து அலம்பி, துண்டில் ஒவ்வொரு விரலாக ஒற்றி எடுத்துக்கொண்டு, மறுபடியும் வலது கையையே நீட்டினார். ஷீபா குத்தினாள். பஜனை மடத்தில் பஜனையின்போதுகூட அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றாள் ஷீபா.

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹரி என்னைப் பார்த்துச் சிரித்தான். அதே பஞ்சாமிர்தத்தைக் கையில் வாங்கி, இருநூறு முன்னூறு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாளியை நோக்கிப் பாய்ந்தார்கள். ஒவ்வொருத்தராக நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். பிரசாதத்தை வாயிலும் போட்டுக்கொண்டுவிட்ட ஒன்றிரண்டு பேர் மட்டும் கொஞ்சம் மேலே இருந்தார்கள், அவர்களை இன்னொரு நாள் வரச் சொன்னாள் ஷீபா. 'மதியோ சேச்சி?' என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதுவே போதும்.

கடைசியில் அப்பா வந்தார். கோயிலுக்குப் போகாமல் வீட்டிலிருந்து நேரே வந்தவர், பிரசாதம் தொடாதவர். சோப்புப் போட்டுக் கையும் அலம்பினார். நூற்று எழுபத்தொன்று. மறுபடி அலம்பச் சொன்னேன். மறுபடியும் அதே அளவுதான். அப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்குள் இருந்த டாக்டரைக் காணவில்லை.

மறுநாள் லேபில் பார்த்ததிலும் உறுதியாயிற்று. ஆனால் அதற்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் ஒன்று இருந்தது. சேஷு மாமாவும் மாமியும் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். அவர்கள் உட்காருவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"சேஷு, நீ காலம்பற சொன்ன நியாயம் சரிதான். இப்போ உனக்கு இல்லை, எனக்குன்னா இருக்கும் போல இருக்கு. ஜானகிக்கு வர வாய்ப்பு உண்டு. தெரிஞ்சுண்டே உன் பிள்ளை தலையில கட்டப்படாது."

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே நாளில் இரண்டாவது தடவையாக என் கல்யாணம் என்னுடைய பிரசங்கத்தாலேயே நிற்கப் போகிறது என்று தோன்றியது.

சேஷு மாமா தட்டை அப்பாவின் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அந்த நியாயம் எங்காத்துலேர்ந்து உங்காத்துக்கு வந்தா பொருந்தும் விச்சு. உங்காத்துலேர்ந்து எங்காத்துக்கு வந்தா பொருந்தாது" என்றார்.

"அதெப்படி?"

"அவளுக்கு ஒண்ணு வந்தா பார்த்துக்க நாங்க இருக்கோமே. நீ தட்டை வாங்கிக்கோ."

விதி தவறாத மனுஷர் என் கண் முன்னால் ஒரு விதியை மீறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமி என்னைக் கூப்பிட்டுப் பூ வைத்துவிட்டாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. அப்பா மாத்திரையும் நடையுமாக நன்றாக இருக்கிறார். எங்கள் வீட்டில் யார் எந்தக் கெட்ட செய்தி கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, "கையை அலம்பிண்டயோ?" ஹரிக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்றாலும் இதே கேள்விதான், கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனாலும் இதே கேள்விதான்.

நான் உண்டாகியிருந்தபோது ஆறாம் மாசப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். கர்ப்பத்தில் சிலருக்கு வருவதுதான், கவனமாக இருந்தால் போதும், அநேகமாகப் பிரசவத்தோடு போய்விடும் என்று நானே பிரசுரம் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். சேஷு மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் மாமா, கையை அலம்பினாலும் இறங்காது என்றேன். "சரி" என்றார். மறுநாள் காலையில் மாமி எனக்குச் சர்க்கரை போடாத காபி கொண்டுவந்தபோது, அவர் தனக்கும் அதையே கேட்டார்.

குழந்தை பிறந்தது. எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அவர்தான் பழைய காபிக்குத் திரும்பவேயில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் டம்ளரைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு ஷுகரா?" என்று விசாரிப்பார்கள்.

"எனக்கில்லை" என்பார் சேஷு மாமா. "மாட்டுப்பொண்ணுக்கு இருந்தது."